ஆயில் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகிறவர்களில் முருங்கப்பாக்கம் சிக்னலில் நிற்காமல் போனவர்கள் குறைவு. ஒரு மே மாத மதியம் அங்கேதான் என் காரின் ஆயில் விளக்கு முதன்முதலாகக் கண் சிமிட்டியது. ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், தவளக்குப்பம் வரைக்கும் ஒன்றுமில்லை. அரியாங்குப்பம் தாண்டியதும் நெரிசல். முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர். சிக்னலில் வண்டி நின்றதும் டாஷ்போர்டில் சிவப்பாக அந்த எண்ணெய்க் கிண்டி. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் அணைந்தது, காலை எடுத்தால் எரிந்தது.

“பம்ப் போயிடுச்சு, மாத்திடு” என்றார்கள் நான்கு பேர். அது 1500 சிசி, 16 வால்வு பழைய செடான். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் கொஞ்சம் வேலை, கேம் மாற்றம் எல்லாம் செய்து, வருடத்தில் இரண்டு மூன்று முறை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவேன். அதனால் ஐந்தாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போனார்: “ரேஸ் வண்டிக்கு சாதா பம்பெல்லாம் தாங்காது. ஹை வால்யூம் போடு.” நான் ஐந்தாவது ஆள் பேச்சைக் கேட்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பிறகு. முதலில் இந்தப் பம்ப் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்று பெரும்பாலும் நினைக்கிறோம். அது எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹோஸின் வாய் திறந்திருந்தால் தண்ணீர் சும்மா கொட்டும். வாயில் கட்டை விரலை வைத்துப் பாதி அடைத்தால் பத்தடி தூரம் பீய்ச்சும். மோட்டார் அதே மோட்டார்தான். பிரஷரைக் கொண்டுவந்தது விரல். எஞ்சினுக்குள் அந்தக் கட்டை விரல் வேலையைச் செய்வது பேரிங் இடைவெளி.

கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் ஷெல் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்க ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். பொதுக்கணக்கு, ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மி.மீ. ஜர்னல் என்றால் 0.05 மி.மீ. பம்ப் தள்ளுகிற எண்ணெயில் பெரும்பகுதி இந்தச் சந்துகள் வழியாகக் கசிந்துதான் திரும்ப அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்புக்கு வந்து விழுகிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இடைவெளி கூடக்கூட, கசிவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. இடைவெளியின் மூன்றாம் அடுக்காகக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. 0.04 மி.மீ. தேய்ந்து 0.06 ஆனாலே மூன்று மடங்குக்கு மேல். பழைய எஞ்சினில் பிரஷர் குறைகிறதென்றால் பல நேரங்களில் மோட்டார் களைத்துப் போகவில்லை, விரல் தளர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கிராங்கைத் தூக்கி நிறுத்துவது பம்ப்பின் பிரஷர் இல்லை. மழைத் தண்ணீரில் வேகமாகப் போகிற டயர் ரோட்டைத் தொடாமல் மிதக்கிறதே, அதே மாதிரி சுழல்கிற கிராங்க், எண்ணெயைத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இழுத்துக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. அந்த ஆப்புக்குள் உண்டாகும் அழுத்தம், நம் கேஜில் தெரிகிற, சதுர சென்டிமீட்டருக்கு 4, 5 கிலோவைவிடப் பல மடங்கு அதிகம். பம்ப்பின் கடமை அந்த இடம் ஒரு நொடிகூடக் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. ஆகவே கேஜில் பெரிய எண் தெரிந்தால் எஞ்சின் பத்திரம் என்று முடிவு கட்ட முடியாது. எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், இடைவிடாமல் எண்ணெய் போனால் நல்லது.

சரி, நம் டாஷ்போர்டு விளக்குக்கு வருவோம். அது கேஜே இல்லை. பிரஷர் சுமார் 0.3 கிலோவுக்குக் கீழே போனால்தான் பெரும்பாலான கார்களில் அது எரியும். 6000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அது எரிந்தால் அப்புறம் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. அதனால் பம்ப் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு கேஜ் போடுங்கள். பெரும்பாலான ஜப்பானிய எஞ்சின்களில் ஆயில் சுவிட்ச் உட்காரும் துளை 1/8 அங்குல பி.எஸ்.பி.டி. (கூம்பாகக் குறுகும் குழாய்) மரை. சுவிட்சைக் கழற்றி, ஒரு சாதாரண மெக்கானிக்கல் கேஜை அந்த இடத்தில் மாட்டிப் பார்த்தாலே போதும்.

பார்க்கும்போது எண்ணெய் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், 90, 100 டிகிரி. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் காட்டுகிற எண்ணை நம்பினால் ஏமாந்தீர்கள். பழங்காலத்திலிருந்து சொல்லப்படும் கணக்கு, ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் 10 பி.எஸ்.ஐ. நம் பட்டறைக் கணக்கில் ஏறக்குறைய 0.7 கிலோ. 6000-க்கு 4.2 கிலோ. இது வேதவாக்கு இல்லை, உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் ஆரம்பிக்க நல்ல இடம்.

முள் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. சூடான ஐட்லிங்கில் மட்டும் படுத்துக்கொண்டு, மேலே போகப்போக ஒழுங்காக ஏறினால் பேரிங் இடைவெளி மேல் சந்தேகப்படுங்கள். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, 3000 தாண்டியதும் ஓர் இடத்தில் சீக்கிரமே நின்றுவிட்டால், மிஞ்சும் எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ரிலீஃப் வால்வு: ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிளஞ்சரில் தூசி மாட்டிக்கொண்டு பாதி திறந்தபடி நிற்கலாம். முள் நடுங்கினால் பம்ப் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. சம்ப்பிலிருந்து பம்ப்புக்கு எண்ணெயை உறிஞ்சும் வலைமுனைக் குழாயான ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் காய்ந்து போயிருந்தால் இப்படித்தான் ஆகும். அந்தச் சின்ன ரப்பர் வளையத்தால் பம்ப் மாற்றியவர்கள் உண்டு. எல்லா வேகத்திலும் பிரஷர் குறைவு, ஸ்ட்ரெய்னர் சுத்தம், பேரிங்கும் அளவில் இருக்கிறது என்றால் அப்போது பம்ப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.

நான் இதில் எதையும் செய்யவில்லை. நேராக ஹை வால்யூம் பம்ப் வாங்கினேன்.

அது என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்கள் பலவற்றில் பம்ப் கிராங்கின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே பல்சக்கரம் மாதிரி ஒரு ரோட்டார், அதைச் சுற்றி இன்னொரு ரோட்டார். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதற்கு ஒரு பல் அதிகம். இரண்டும் மையம் விலகிச் சுழலும்போது பல் இடுக்குகள் ஒரு பக்கம் விரிந்து எண்ணெயை இழுக்கும், மறுபக்கம் சுருங்கித் தள்ளும். சிலவற்றில் நடுவே பிறை வடிவத் தடுப்பு இருக்கும். அம்பாசடர் மாதிரிப் பழைய வண்டிகளில் பம்ப் கேம் ஷாஃப்ட்டிலிருந்து ஓடும், ஆகவே கிராங்க் வேகத்தில் பாதிதான் சுழலும். ஹை வால்யூம் என்றால் இந்த ரோட்டாரின் தடிமனைக் கூட்டியிருப்பார்கள். சுபாருவின் இ.ஜே. எஞ்சின்களுக்கு 10, 11, 12 மி.மீ. என்று பம்ப் கிடைக்கிறது. அந்த எண் ரோட்டார் தடிமன். 10-லிருந்து 12-க்குப் போனால் ஒரு சுற்றுக்கு 20 சதவீதம் அதிக எண்ணெய்.

ஹை பிரஷர் என்பது வேறு. அதில் ரோட்டார் பழைய அளவுதான், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் மட்டும் கடினமானது. பம்ப் தேவைக்கு மேல் தள்ளும்போது இந்த வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஸ்பிரிங் கடினமானால் வால்வு தாமதமாகத் திறக்கும், கேஜில் மேல் எண் கூடும். ஐட்லிங்கில் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது, ஏனென்றால் அங்கே வால்வு திறப்பதே இல்லை. சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது என்று ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நோய்க்கு எந்த மருந்து!

புதுப் பம்ப் போட்டதும் சூடான ஐட்லிங்கில் 0.9 கிலோ. விளக்கு அணைந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மாதமே டிராக்குக்குப் போனேன். மூன்றாவது சுற்றில் ஒரு நீண்ட வளைவில், 6000-க்கு மேலே, 4.5-ல் இருந்த முள் திடீரென்று 1-க்கு விழுந்து, வளைவு முடிந்ததும் ஏறியது. அடுத்த சுற்றிலும் அதே வளைவு, அதே வீழ்ச்சி. பிட்டுக்குள் வந்து எஞ்சினை அணைத்துவிட்டேன். கார் டிரக்கில் ஏறித்தான் ஊர் திரும்பியது.

பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் சம்ப்பை இறக்கினார். கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்திலிருக்கும் பிக் எண்ட் ஷெல்லைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார். சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய முகத்தில் ஒரு ஓரமாகச் செம்பு தெரிந்தது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைச் சொல்லும் பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்தால் 0.09 மி.மீ. இருக்க வேண்டியதில் இரண்டு மடங்கு. “ஓட்டப் பானைக்குப் பெரிய பைப்பு போட்டிருக்க தம்பி” என்றார்.

நடந்தது இதுதான். பெரிய பம்ப் அதிக எண்ணெயை ஹெட்டுக்கு அனுப்பியது. அங்கேயிருந்து கீழே இறங்கும் வடிகால் துளைகள் அதே அளவில்தான் இருந்தன. உயர் வேகத்தில் தொடர்ந்து ஓடியபோது பாதி எண்ணெய் மேலேயே தங்கிவிட்டது, சம்ப்பில் மட்டம் குறைந்தது. அந்த நேரம் பார்த்து வளைவு. பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாக, அதாவது 1 ஜி ஆனால், சம்ப்புக்குள் எண்ணெய் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். சாலை டயரில் அந்தளவு வராவிட்டாலும் 35, 40 டிகிரிக்குச் சாய்ந்தாலே போதும், ஸ்ட்ரெய்னர் வாய் காற்றில் திறந்து கிடக்கும். எவ்வளவு பெரிய பம்ப்பாக இருந்தாலும் காற்றை வைத்து பேரிங்கைக் காப்பாற்ற முடியாது. பம்ப் பெரிதாக ஆக, சம்ப்பை இன்னும் சீக்கிரம் காலி செய்யும்.

அதற்காக ஹை வால்யூம் பம்ப்பே தவறு என்று சொல்ல வரவில்லை. எஞ்சினை ரேஸுக்கென்றே கட்டி, பேரிங் இடைவெளியை வேண்டுமென்றே கூட்டியிருந்தால் கூடுதல் எண்ணெய் தேவை. டர்போ, பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட் இவையெல்லாம் புதிதாகச் சேர்த்தாலும் தேவை. அப்படிப்பட்டவர்கள் பம்ப்போடு சேர்த்து, சம்ப்புக்குள் தடுப்புத் தகடு போடுவார்கள், ஹெட்டுக்குப் போகும் வழியைச் சிறிதாக்குவார்கள். நிஸானின் ஆர்.பி.26 எஞ்சினில் ஹெட்டில் எண்ணெய் தேங்குவது பிரசித்தம், அதற்கென்றே ரெஸ்ட்ரிக்டர் விற்கிறார்கள். பெரிய பம்ப் குதிரைத்திறனைத் தின்றுவிடும் என்ற பயம் மட்டும் கொஞ்சம் மிகை. நிமிடத்துக்கு 60 லிட்டர், 5.5 பார் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 550 வாட், முக்கால் குதிரைத்திறன். பம்ப்பின் திறனிழப்பைச் சேர்த்தாலும் ஒன்று, ஒன்றரை. அதைவிட, வேண்டாத எண்ணெயை ரிலீஃப் வால்வு வழியாகச் சுற்றிச் சுற்றி அடித்துச் சூடாக்குவதுதான் நம்மூர் வெயிலில் உறுத்துகிறது.

உண்மையில் வேகமாக ஓட்டுகிறவர்கள் பம்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது அளவை இல்லை, உறுதியை. கம்பெனிப் பம்ப்களில் ரோட்டார் பெரும்பாலும் உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சுட்டுச் செய்தது. மலிவு, துல்லியம், சாலைக்குப் போதுமானது. ஆனால் தட்டினால் உடையும் குணம் உண்டு. கிராங்க் நாம் நினைப்பதுபோல வழவழவென்று சுழல்வதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு முறை முறுக்கிக்கொண்டு அதிர்கிறது. கிராங்கோடு நேரடியாக இணைந்த ரோட்டார் அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டே இருக்கும். ரெவ் லிமிட்டரில் வைத்து டபடபவென்று அடித்தால் இன்னும் மோசம். 2011-க்குப் பிறகான ஃபோர்டு மஸ்டாங் 5.0 எஞ்சினில் சூப்பர்சார்ஜர் போடுகிறவர்கள் ரோட்டாரைக் கட்டி இரும்பில் கடைந்ததாக மாற்றுவது இதனால்தான். மஸ்டா மியாட்டாவுக்கும் அப்படித் தனி ரோட்டார் உண்டு. ஆர்.பி.26-ன் ஆரம்பகால கிராங்கில் பம்ப்பைத் திருப்பும் பகுதி குட்டையாக இருந்தது. அதில் ரோட்டார் உடைந்து எஞ்சின் போன கதைகளால் காலர் போட்டு நீட்டும் வழக்கமே வந்தது.

இங்கே நம்மூர்ப் பையன்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். எடை குறைகிறது என்று கிராங்க் புல்லியை எடுத்துவிட்டு, பளபள அலுமினியப் புல்லி போடுகிறார்கள். பல எஞ்சின்களில் கழற்றிப் போட்ட அந்தக் கனமான புல்லியின் நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்குவது அதுதான். அதை எடுத்துவிட்டால் அடுத்த அடி பம்ப் ரோட்டாருக்கு. பழைய புல்லியைத் திரும்பப் போடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மலிவான ஆயில் பம்ப் மேம்பாடு.

ஆகவே என் கருத்து இது: சாலையிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓடும், கம்பெனி இடைவெளியில் கட்டிய எஞ்சினுக்கு அளவில் கம்பெனிப் பம்ப், முடிந்தால் கடைந்த இரும்பு ரோட்டாரோடு. கேம், டர்போ, தளர்ந்த இடைவெளி என்று எஞ்சின் கட்டவைத்தவர், அதைக் கட்டிய மெக்கானிக்கிடம் இடைவெளி எண்ணைக் கேட்டு அதற்கேற்பப் பெரிதாக்கட்டும். டிரை சம்ப், அதாவது தனித் தொட்டி வைத்து பல பம்ப்களால் எண்ணெயை வெளியே இழுத்துச் சேமிக்கும் ஏற்பாடு, முழுநேர ரேஸ் காருக்கானது. அந்தப் பணம் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

வாங்கும்போது சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரைப் பிடியுங்கள். “எல்லா மாடலுக்கும் செட் ஆகும்” என்று சொல்லும் கடையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள். பாண்டியில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடலாம், ஆனால் போலிச் சரக்குக்கும் பஞ்சமில்லை. பெட்டியைப் பார்த்து மயங்காமல் பம்ப்பைக் கையில் வாங்கிப் பின்மூடியைக் கழற்றுங்கள். ஃபீலர் கேஜால் (சந்தில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) ரோட்டாருக்கும் ஹவுஸிங்குக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். மேல்முகத்தில் ஒரு நேர்ப்பட்டையை வைத்துப் பக்க இடைவெளியையும் பாருங்கள். பல சின்ன எஞ்சின்களில் இந்தப் பக்க இடைவெளி 0.15 மி.மீ. தாண்டினால் பம்ப் கழிவு. புதுசே அந்த எல்லையில் இருந்தால் வேண்டாம். ரிலீஃப் பிளஞ்சரில் எண்ணெய் தடவித் துளையில் விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இன்னொன்று, முன்கூட்டியே வாங்கிப் பரணில் போடாதீர்கள். தேவனாம்பட்டினத்தில் என் வீட்டில் அப்படி வைத்த ஒரு ரோட்டார் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. கடற்காற்றுக்குப் பெட்டி ஒரு தடையே இல்லை.

பம்ப் விலையைவிட அதை எட்டும் கூலி பெரியது. கிராங்க் முன்முனையில் இருப்பதால் டைமிங் பெல்ட் கழறும், சம்ப்பும் இறங்கும். கையோடு பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல், ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங் எல்லாம் மாற்றிவிடுவதே கெட்டிக்காரத்தனம். பின்மூடி ஸ்க்ரூக்களுக்கு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட மறக்காதீர்கள், சில எஞ்சின்களில் அவை தானாகத் தளர்வதுண்டு. சிலிக்கான் பசையை இட்லி மாவு மாதிரி அப்பாதீர்கள். பிதுங்கி உள்ளே விழும் துணுக்குகள் நேராக ஸ்ட்ரெய்னர் வலைக்குத்தான் போகும். சம்ப் அடிவாங்கி உள்ளே குழிந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப் அடிக்கும் நடுவே 6-லிருந்து 10 மி.மீ. வரை வேண்டும். நம் வேகத்தடைகளில் ஒன்று போதும், அதைக் காலி செய்ய.

மாட்டுவதற்கு முன் ரோட்டாருக்குள் எண்ணெயை நிரப்பிக் கையால் சுற்றுங்கள். காய்ந்த பம்ப் முதலில் காற்றைத்தான் சுற்றும். எல்லாம் பூட்டியபின் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் ஃப்யூஸை எடுத்துவிட்டு, செல்ஃபை மட்டும் பத்துப் பத்து நொடியாக அடியுங்கள். பாய் பட்டறையில் என் எஞ்சினுக்குப் புது ஷெல், கம்பெனி அளவுப் பம்ப், சம்ப்புக்குள் வெல்டிங் செய்த தடுப்புத் தகடு எல்லாம் போட்டு இப்படிச் செல்ஃப் அடித்தபோது மூன்றாவது முறைதான் முள் அசைந்தது. பாய் அதுவரை பிளக்குகளை என் கையில் கொடுக்கவே இல்லை. இப்போது சூடான ஐட்லிங்கில் 1.2 கிலோ, அதே முருங்கப்பாக்கம் சிக்னலில்.

500 கி.மீ. ஓடியதும் எண்ணெயை மாற்றி, பழைய ஃபில்டரைக் கத்தியால் வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். முதல் தடவை மெல்லிய மினுமினுப்பு இருக்கும், பரவாயில்லை. நகத்தில் உறுத்துகிற அளவுக்குத் துகளோ, செம்பு நிறமோ இருந்தால் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.